செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் பழைய தீட்டுக்கற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுச் சாமான் விற்பனைக்கு வரும்போது பித்தளை அண்டாவையும் பெல்ஜியம் கண்ணாடியையும் முதலில் எடுத்துவிடுவார்கள். மூலையில் கிடக்கும் தீட்டுக்கல்லை ‘ஏதோ கல்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய கல்லில் ஐரோப்பாவிலிருந்து வந்த சவரக்கல்லும் இருக்கலாம், அரக்கும் குருந்தமும் (மிகக் கடினமான கனிமம்) சேர்த்து வார்த்த சாணையும் இருக்கலாம். இவற்றைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கல் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

கழுவாதீர்கள். கல்லை அடையாளம் காட்டும் தடயங்களில் பாதி அதன் அழுக்கில்தான் இருக்கும். ஆறு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பெட்டி இருந்தால் அதன் உள்பக்கத்தையும் எடுங்கள். எந்த ஊர், வீட்டின் எந்தப் பகுதி, கூடவே என்ன கிடந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். சவரக்கத்தியும் தோல் வாரும் கூட இருந்தால் ஒரு கதை, உளிகளோடு இருந்தால் வேறு கதை. வியாபாரி மூட்டையைப் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிட்டால் அந்தத் தகவல் திரும்பி வராது. கல்லை மட்டும் வாங்குவதாக இருந்தாலும் மூட்டையை அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசைக்குக் கருவிகளோடு தீட்டுக்கல்லுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். ஆண்டாண்டாக வைத்த குங்குமம் எண்ணெயோடு ஊறி, கல்லின் இயற்கையான செம்புள்ளி போலத் தெரியும். ஈரப் பஞ்சால் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் குங்குமம். செம்புள்ளியை வைத்தே அடையாளம் சொல்லும் கல்வகை ஒன்று இருப்பதால் (கீழே வருகிறது) இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

வழவழப்பான கல் எல்லாம் தீட்டுக்கல்தானா?

இல்லை. இந்த வட்டாரத்தில் மூன்று கற்கள் அடிக்கடி தீட்டுக்கல் என்று தவறாக விற்கப்படுகின்றன.

சந்தனக்கல் பெரும்பாலும் வட்டமாக, சில சமயம் கால்களோடு இருக்கும். நடுவில் வட்டமாகத் தேய்ந்திருக்கும், முகர்ந்தால் வாசனை மிச்சமிருக்கும். தீட்டுக்கல்லில் தேய்மானம் நீளவாக்கில்தான் ஓடும்.

குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும் கல் சிறியது. வசம்பு, கடுக்காய், சாதிக்காய் உரைத்த பழுப்புக் கறை துளைகளில் ஏறியிருக்கும். இரும்பின் சாம்பல்நிறக் கறை இருக்காது.

மூன்றாவது, பொற்கொல்லரின் உரைகல். கறுப்பாக, மிக நைசாக, உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கும். லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் மெல்லிய பொன்கோடுகள் ஒரே திசையில் தெரியலாம். இதைச் சவரக்கல் என்று நினைத்து எமரி தாளில் தேய்த்துவிட்டால் அதன் அடையாளமே போய்விடும். உரைகல்லைத் தனிச் சேகரிப்பாக வைப்பதுதான் சரி.

யார் பயன்படுத்திய கல் என்று எப்படிச் சொல்வது?

கல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட எந்தக் கை பிடித்தது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது, நம்பகமானதும்கூட. இரும்பு அளவுகோலை ஓரத்தை நிமிர்த்திக் கல்லின் மேல் வைத்து, பின்னால் விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே தேய்ந்திருக்கிறது.

சவரத் தொழிலாளியின் கல்லில் பள்ளம் மிகக் குறைவு. முழுநீளத்துக்கும் சீராக, ஒரு மயிரிழை அளவே தாழ்ந்திருக்கும். கல் மேடுபள்ளமானால் சவரக்கத்தியின் விளிம்பு முழுதும் கல்லில் படாது என்பதால் அவர்கள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். ஓரங்கள் கூர்மை மழுங்கி உருண்டிருக்கும்.

ஆசாரியின் கல் நடுவில் தொட்டிபோலக் குழிந்திருக்கும். உளியின் அகலத்துக்கு ஏற்ற தடங்கள் தெரியும். குழி உளி தீட்டிய இடத்தில் வாய்க்கால்போல ஆழமான கோடு விழுந்திருக்கும். ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்து, இரண்டும் உருண்ட சிறு கல் கிடைத்தால் அது குழி உளியின் உள்பக்கத்தைத் தீட்டும் ஸ்லிப் கல். நிலைக்கதவில் கொடியும் யாளியும் செதுக்கிய ஊர் இது. அந்த வேலைக்காரர்களின் பெட்டியில் இப்படிப்பட்ட கல் இருந்தால் வியப்பில்லை. தட்டைக் கல்லைத் தேடுகிறவர்கள் இதை உடைந்த துண்டு என்று எறிந்துவிடுகிறார்கள்.

அடுக்களைக் கல்லுக்கு ஒழுங்கு கிடையாது. அரிவாள்மனையையும் பாக்குவெட்டியையும் நிலையாக வைத்துவிட்டு, கல்லைக் கையில் பிடித்து அதன்மேல் ஓட்டுவார்கள். அதனால் மேல்முகத்தைவிட விலாப்பக்கங்கள் அதிகம் தேய்ந்திருக்கும். ஊசித் தடம்போல நுண்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் தையல் ஊசி அல்லது தோல் தைக்கும் ஊசி தீட்டியது.

‘பெல்ஜியம் கல்’ என்று சொல்லி விற்கிறார்கள். நம்பலாமா?

இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் எதையும் பெல்ஜியம் என்று சொல்லிவிடும் பழக்கம் உண்டு. உண்மையான பெல்ஜியம் தீட்டுக்கல்லின் பெயர் கோட்டிக்யூல். ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சால்ம் ஊரைச் சுற்றி எடுக்கப்பட்டது. மேல்பாதி வெண்மஞ்சள் அல்லது சந்தன நிறம், கீழ்ப்பாதி நீலக்கருமை. இரண்டு அடுக்கும் இயற்கையாகவே ஒட்டியும் இருக்கலாம், பசை வைத்து ஒட்டப்பட்டும் இருக்கலாம். இயற்கையாக ஒட்டியதில் சந்திக்கும் கோடு சற்று நெளியும், நிறம் ஒன்றில் ஒன்று கலந்திருக்கும். ஒட்டியதில் கோடு நூல் பிடித்ததுபோல நேராக, பசையின் மெல்லிய இழையோடு இருக்கும். மஞ்சள் பாகத்தில் கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள் நிறைந்திருப்பதால்தான் அது இரும்பை வேகமாகத் தேய்க்கிறது. தண்ணீர் விட்டுச் சிறு கல்துண்டால் தேய்த்தால் பால்போலக் குழம்பு வரும்.

பெல்ஜியம் என்று நீட்டப்படுவதில் பெரும்பகுதி மெருகேற்றிய கடப்பாக்கல். அதைப் பிடிப்பது எளிது. கடப்பா சுண்ணாம்புக்கல் இனம். விலாப்பக்கத்தில் ஆணியால் சுரண்டிக் கொஞ்சம் பொடி எடுத்து, எலுமிச்சைச்சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரை மெதுவாக வரும், லூப்பில் பார்க்கவேண்டும். குளியலறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் உடனே பொங்கும். சோதித்த இடத்தைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மேல்முகத்தில் ஒருபோதும் ஆசிட் விடாதீர்கள். இன்னொன்று: கடப்பாக்கல்லில் இரும்பு ஆணி எளிதாகக் கீறும். நல்ல தீட்டுக்கல்லில் பெரும்பாலும் ஆணிதான் தேயும், சாம்பல்நிறக் கோடு விழும். மென்மையான சிலேட்டு வகைகளுக்கு இது பொருந்தாது. அதனால் இரண்டு சோதனையையும் சேர்த்தே பாருங்கள்.

வேறு எந்த வெளிநாட்டுக் கற்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன குடும்பங்களின் பெட்டிகளோடு பர்மா, மலேயா, இலங்கைக் கடைகளில் கிடைத்த சாமானும் வந்து சேர்ந்தது. அதனால் சில வகைகளையாவது கண்ணால் அறிந்திருப்பது நல்லது.

ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரச் சிலேட்டுக்கல்: நீலச்சாம்பல், இளம்பச்சை, மஞ்சட்பச்சை நிறங்களில், மிக நைசாக, தொட்டால் சோப்புப்போல வழுக்கும். சோன்னபெர்க் ஊர் எஷர் நிறுவனத்தின் காகிதச் சீட்டு ஒட்டியிருந்தால் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவார்கள். சீட்டு இல்லாத துரிங்கியக் கல்லை எஷர் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலிருந்து வந்த சார்ன்லி பாரஸ்ட் கல்: ஆலிவ் பச்சை, அதில் செந்நிற அல்லது ஊதாப் புள்ளிகளும் கீற்றுகளும். குங்குமச் சோதனை இதற்காகத்தான். மிகக் கெட்டியான கல், வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா கல் கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வரும். நைசான வகையின் ஓரத்தில் கைப்பேசி விளக்கைப் பிடித்தால் ஒளி ஊடுருவும். அதே இனத்தின் வாஷிட்டா வகை துளை அதிகம் உள்ளது, எண்ணெயைக் குடிக்கும், வேகமாகத் தேய்க்கும்.

துருக்கிக் கல் என்ற பெயரில் பழுப்பும் சாம்பலும் கலந்த திட்டுகளோடு ஒரு வகை உண்டு. நொறுங்கும் குணம் உள்ளது. முழுக்கல் அரிது.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை எது?

அடர்த்தி பார்ப்பது. ஒரு கிராம் துல்லியம் உள்ள அடுக்களை மின்தராசு போதும். முதலில் உலர்ந்த கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்தான் கல்லின் கனஅளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

உதாரணம்: உலர்ந்த எடை 330 கிராம், நீரில் தராசு காட்டியது 120. 330 ÷ 120 = 2.75. இது சிலேட்டு இனத்துக்குப் பொருந்தும். கெட்டியான ஆர்கன்சா 2.65-ஐ எட்டும், தாண்டாது, ஏனென்றால் குவார்ட்ஸின் அடர்த்தியே அவ்வளவுதான். வாஷிட்டா துளைகளால் இன்னும் குறைவாக வரும். கோட்டிக்யூலின் மஞ்சள் பாகம் கார்னெட்டால் 3-க்கு மேல் போகும். நீல அடுக்கு சேர்ந்திருந்தால் எண் மாறும்.

தவறு எங்கே நேரும்? துளைக் கல்லுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருப்பதால் எண் நிற்காமல் மாறும். முதல் சில நொடிகளில் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழிகளும் கணக்கைக் கெடுக்கும், விரலால் தடவிவிடுங்கள். அரக்கு அல்லது மரப்பெட்டியில் பதித்த கல்லுக்கு இந்தச் சோதனை உதவாது.

பளபளவென்று மின்னும் கருஞ்சாம்பல் கல் கிடைத்தது. பழையதா?

அது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு, அதாவது ‘கார்பரண்டம்’. 1891-ல் எட்வர்ட் அச்சிசன் கண்டுபிடித்த செயற்கைப் பொருள். ஆகவே கல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆரஞ்சுப்பழுப்பு நிறமுள்ளது அலுமினியம் ஆக்சைடு. நார்ட்டன் நிறுவனத்தின் ‘இந்தியா’ கல் இந்த வகை. பெயரைப் பார்த்து இந்தியாவில் செய்தது என்று நினைக்கவேண்டாம், அமெரிக்கத் தயாரிப்பு.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு நெருங்கிய தொடர்பு உண்டு. பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குழுமம், அமெரிக்காவின் கார்பரண்டம் நிறுவனத்தோடும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனத்தோடும் சேர்ந்து 1954-ல் மதராஸில் கார்பரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. அந்தப் பெயர் உள்ள பெட்டி 1954-க்குப் பிந்தியது. அமெரிக்க முகவரி மட்டும் உள்ள கார்பரண்டம் பெட்டி அதற்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டவேண்டாம்.

காலத்தைக் கல்லைவிடப் பெட்டியும் விலைச்சீட்டும் நன்றாகச் சொல்லும். அணாவில் விலை இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய சரக்கு. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ரங்கூன் கடையின் முத்திரை இருந்தால் பெரும்பாலும் 1942-க்கு முந்தியது. அந்த ஆண்டு ஜப்பானியப் படை வந்ததோடு நம்மவர் கடைகள் மூடப்பட்டன. பெட்டி ஒன்று, கல் வேறாகவும் இருக்கலாம். கல் பெட்டிக்குள் இறுக்கமாகப் பொருந்துகிறதா, பெட்டியின் எண்ணெய்க் கறை கல்லின் வடிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அரக்குச் சாணையை எப்படி அடையாளம் காண்பது?

நம் நாட்டுக் கைத்தொழிலின் அருமையான பொருள் இது, வெளிநாட்டுச் சீட்டைத் தேடுகிறவர்கள் இதை மதிப்பதில்லை என்பது வருத்தம். குருந்தக்கல்லை இடித்துச் சலித்த பொடியை உருக்கிய அரக்கில் கலந்து, சக்கரமாகவோ கட்டியாகவோ வார்ப்பார்கள். பொடிதான் அதிகம், அரக்கு அதைப் பிடித்துவைக்கும் அளவுக்கு மட்டும். குருந்தம் தமிழ்நாட்டிலேயே நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடைக்கிறது. சக்கரத்தின் நடுவில் மரத்தண்டு செல்லும் துளை இருக்கும். ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் கத்தியைப் பிடிப்பார்.

அடையாளம்: செம்பழுப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறம், கல்லைவிட மந்தமான ஓசை. பழுக்கக் காய்ச்சிய ஊசி முனையை உள்துளையின் ஓரத்தில் தொட்டால் அரக்கு மணம் எழும், ஊசி சற்றே இறங்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்தால் பிசுபிசுத்து நிறம் ஏறும்.

இதே குணங்கள்தான் அதற்கு எமனும். சுடுநீர், ஸ்பிரிட், தின்னர், சலவைச் சோடா எதுவும் படக்கூடாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்தால் சக்கரம் வளைந்துவிடும். உலர்ந்த பிரஷ், தேவையானால் பிழிந்த ஈரத்துணி, அவ்வளவுதான் சுத்தம். பழைய அரக்குச் சக்கரத்தை மோட்டாரில் மாட்டிச் சுற்றவே கூடாது. சூட்டில் அரக்கு இளகும், விரிசல் இருந்தால் வெடித்துச் சிதறும்.

எண்ணெய் இறுகிப் பிசினாகிவிட்ட கல்லை எப்படிச் சுத்தம் செய்வது?

படம் எடுத்து, அரக்கு இல்லை என்று உறுதி செய்த பிறகு தொடங்குங்கள். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், பிறகு மெஷின் ஆயில் என்று அடுக்கடுக்காக ஏறியிருக்கும்.

முதலில் மரக்குச்சி அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையால் மேல் பிசினைச் சுரண்டி எடுங்கள். கத்தி வேண்டாம். பிறகு மண்ணெண்ணெயில், கிடைக்காவிட்டால் பெயின்ட் கடை டர்பன்டைனில், மூடியுள்ள டப்பாவில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். நெருப்பு, அடுப்பு அருகில் வேண்டாம். எடுத்துத் துடைத்து, பாத்திரம் துலக்கும் திரவமும் நைலான் பிரஷும் கொண்டு வெதுவெதுப்பான நீரில் தேயுங்கள். கார்பரண்டம், இந்தியா போன்ற சுட்டெடுத்த கற்களுக்கு இன்னும் அழுக்கு வந்தால், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்த நீரில் ஓர் இரவு வைக்கலாம். சவரக்கடைச் சிறு செயற்கைக்கற்களில் சில அரக்குப் பிணைப்பு உள்ளவை. அவற்றுக்குச் சோப்புநீரோடு நிறுத்துங்கள்.

கொதிக்கவைப்பதும் அடுப்பில் சுட்டு எண்ணெயை எரிப்பதும் பலர் சொல்லும் யோசனை. ஏற்கவேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் விரியும்போது இயற்கைக் கல் அதன் கீற்றுக்கோட்டிலேயே பிளக்கும், இரண்டடுக்குக் கல்லின் பசை விட்டுவிடும். காயவைப்பதும் நிழலில்தான், ஒரு வாரமாவது.

காகிதச் சீட்டு இருந்தால் ஊறவைக்கவே கூடாது. சீட்டைத் தவிர்த்துப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

குழி விழுந்த கல்லைச் சமமாக்கலாமா?

பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஆம். சேகரிப்புக்கு மட்டும் என்றால் வேண்டாம், அந்தக் குழிதான் கல்லின் வரலாறு. உளித்தடம் உள்ள ஆசாரிக் கல்லைத் தேய்த்து வழித்துவிடுவது எங்கள் பார்வையில் நஷ்டம்.

செய்வதானால்: 8 அல்லது 10 மி.மீ. தடித்த கண்ணாடியைச் சமதரையில் வையுங்கள். ஆத்தங்குடிக்கல் தளத்தில் தேய்க்க நினைக்காதீர்கள், கையால் வார்த்த கல் அவ்வளவு சமமாக இருக்காது, தளமும் கெடும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போடுங்கள். கெட்டிக் கற்களுக்கு 80 எண் (எண் ஏற ஏற மணி நைசாகும்) சிலிக்கான் கார்பைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கண்ணாடியில் பரப்பி, எட்டு வடிவில் தேயுங்கள். கட்டம் முழுதும் மறைந்ததும் கண்ணாடியையும் கல்லையும் நன்றாகக் கழுவி 120, 220, 400 என்று ஏறுங்கள். ஒரு பெரிய மணி தங்கிவிட்டாலும் அடுத்த கட்டத்தில் கீறல் விழும். கோட்டிக்யூல், துரிங்கியா போன்ற மென்மையானவற்றுக்குப் பொடி வேண்டாம், மணி கல்லில் பதிந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய நீர்த்தாள் (ஈரத்தோடு தேய்க்கும் எமரி தாள்) 220, 400, 1000 போதும். ஆர்கன்சாவுக்குப் பொறுமை வேண்டும், மணிக்கணக்கில் ஆகலாம்.

எப்போதும் ஈரத்தோடு தேயுங்கள். உலர் கல்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

விரிசல், உடைசல் இருந்தால்?

விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் உள்ளது ‘டப்’பென்று நிற்கும். ஓர மூளி பெரிதல்ல. குறுக்கு விரிசல் உள்ள கல்லுக்குப் பாதி விலைகூடத் தரவேண்டியதில்லை. பிரிந்த இரண்டடுக்குக் கல்லை, பழைய பசையைச் சுரண்டி, மெதுவாக இறுகும் அரால்டைட் தடவி, சமதளத்தில் பாரம் வைத்து ஒரு நாள் முழுதும் விடலாம். ஒட்டியதை விற்கும்போது சொல்லிவிடுங்கள்.

எங்கே வாங்குவது? பழைய வீட்டில் நேரடியாகக் கேட்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் தெரிந்த இடம். அங்கே தீட்டுக்கல்லைக் கேட்டால்தான் காட்டுவார்கள், முன்வரிசையில் இருக்காது. பித்தளைச் சாமான்களுக்கு அடியில், பூட்டுச்சாவி டப்பாவில், சவரப்பெட்டிக்குள் பாருங்கள்.

வீட்டில் கேட்பதானால் ஒன்றை மறக்கக்கூடாது. வளவு வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ‘எடுத்துக்கிட்டுப் போங்க’ என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது. எந்தப் பங்கின் அறையிலிருந்து எடுத்தது, யார் விற்றார் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். இரண்டாம் கட்டிலோ (வீட்டின் உள்முற்றப் பகுதி) பொது அடுக்களையிலோ கிடந்த கல்லானால் பங்காளிகள் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா உறவினர்களுக்குக் கொடுத்தனுப்பலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைப்பொருள் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யக்கூடாது. வயதில் ஐயம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்புங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பழம்பொருளுக்கு 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டம் பொருந்தலாம், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கீழடி இருப்பது இதே சிவகங்கை மாவட்டத்தில்தான். வயலில் கிடைக்கும் வழவழப்பான கற்கருவியைத் தீட்டுக்கல் சேகரிப்பில் சேர்க்காமல், கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

ஊருணிப் படியிலும் கோயில் சுற்றுக்கல்லிலும் தலைமுறை தலைமுறையாக அரிவாள் தீட்டிய குழிகள் இருக்கும். அவற்றைப் படம் எடுத்து, நீளம் ஆழம் அளந்து குறித்துக்கொள்ளலாம். பெயர்த்து எடுப்பதற்கு உரியவை அல்ல.

எப்படிப் பாதுகாப்பது?

ஒவ்வொரு கல்லையும் பருத்தித் துணியில் சுற்றித் தனி மரப்பெட்டியில், தரைமட்ட அறையில் வையுங்கள். ஓட்டுக்கு அடியிலுள்ள பரணில் கோடைச் சூடு அரக்கையும் பசையையும் இளக்கிவிடும். எண்ணெய் போட்ட கல்லையும் தண்ணீர் விட்டுத் தீட்டும் தண்ணீர்க் கல்லையும் ஒன்றாக அடுக்காதீர்கள், எண்ணெய் ஏறிய தண்ணீர்க் கல்லை மீட்பது பெரும்பாடு. கல்லின் மேல் நேரடியாக எண் எழுதாமல், துணியிலும் பெட்டியிலும் ஒரே எண் எழுதி, நோட்டில் அளவு, எடை, அடர்த்தி, கிடைத்த வீடு, தேய்மானம் எந்தப் பக்கம் என்று பதிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் பெயர் உறுதியாகத் தெரியாதபோது ‘நீலச்சாம்பல் சிலேட்டு, 2.75, சவரப்பெட்டியோடு கிடைத்தது’ என்று எழுதினால் போதும். பின்னால் ஒத்துப்பார்ப்பவருக்கு இந்த விவரம்தான் உதவும்.